மணிக்கட்டுக்கு ஒரு காப்பு

விளையாட்டு என்றவுடன் நம் பள்ளி மாணவியர் நினைவுக்கு வருபவை எறிபந்து, வளையப்பந்து, கோ-கோ ஆகியவையே. ஆனால் பெரிய நகரங்களின் பேரங்காடிகளில் 'டென்பின் பௌலிங்' என்னும் விளையாட்டையும் இன்று பலர் விரும்பி ஆடுகின்றனர். சென்ற விடுமுறையில் எங்களுள் நால்வருக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. மகிழ்ச்சியோடு சென்ற நாங்கள் ஒரு மணிக்கட்டு வலியோடு திரும்பினோம். அந்த வலி எங்களுக்குக் கற்பித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில் ஆட்டத்தை அறிந்துகொள்வோம். வழவழப்பான பாதை ஒன்றின் கோடியில் பத்துக் கட்டைகள் முக்கோணமாக நிற்கும். ஒவ்வொன்றும் 15 அங்குல உயரம். ஆடுபவர் நிற்கும் கோட்டிலிருந்து முதல் கட்டை வரை 60 அடி. கட்டைவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகிய மூன்றையும் பந்தின் துளைகளில் நுழைத்து, நாலைந்து அடி நடந்து வந்து, பந்தை உருட்டிவிட வேண்டும். பத்துக் கட்டைகளும் ஒரே உருட்டலில் விழுந்தால் அது 'ஸ்ட்ரைக்'. தொடர்ந்து 12 ஸ்ட்ரைக் எடுத்தால் 300 புள்ளிகள். அதுவே முழு மதிப்பெண். இந்த ஆட்டத்துக்கு ஒழுங்கான விதிகளை வகுக்க 1895ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஒரு சங்கம் அமைந்தது. பெண்களும் பின்தங்கிவிடவில்லை. 1916ஆம் ஆண்டிலேயே செயிண்ட் லூயிஸ் நகரில் தங்களுக்கெனத் தனிச் சங்கம் கண்டனர்.

பந்தின் எடை 16 பவுண்டு வரை, அதாவது ஏழு கிலோவுக்குச் சற்று அதிகமாகக்கூட இருக்கலாம். இந்தக் கனத்தைக் கை எப்படித் தாங்குகிறது? எங்கள் அறிவியல் ஆசிரியை இதைக் கரும்பலகையில் கணக்காகவே போட்டுக் காட்டினார். கையையும் பந்தையும் ஓர் ஊசல் என்று கொள்வோம். தோள் உயரத்திலிருந்து பந்து தானாகக் கீழிறங்கினால், மிகத் தாழ்ந்த இடத்தில் கை தாங்க வேண்டிய விசை பந்தின் எடையைப் போல மூன்று மடங்கு ஆகிறது. ஒரு பங்கு பந்தின் எடை. மற்ற இரு பங்கு அதை வட்டப்பாதையில் வளைத்துச் செலுத்தும் மையநோக்கு விசை. ஆக, 10 பவுண்டுப் பந்து அந்தக் கணத்தில் 30 பவுண்டாகக் கனக்கிறது!

அந்தக் கனத்தைத் தாங்கும் மணிக்கட்டோ எட்டுச் சிற்றெலும்புகளால் ஆனது. விரல்களை அசைக்கும் தசைகளுள் பல முன்கையில் இருப்பதால், அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்தே விரல்களை அடைகின்றன. பந்தின் கனத்தால் மணிக்கட்டு பின்புறமாக மடிந்தால் அந்த நாண்கள் வருந்துகின்றன. பந்தும் சொன்ன திசையில் போவதில்லை. மணிக்கட்டு நேராகவோ, உள்ளங்கைப் பக்கம் சற்றுக் குவிந்தோ இருந்தால், பந்திலிருந்து கட்டைவிரல் முதலில் விடுபடும்; மற்ற இரு விரல்களும் கடைசியில் பந்தைச் சுழற்றிவிடும். அச்சுழற்சியால்தான் பந்து வளைந்து சென்று கட்டைகளைச் சாய்க்கிறது.

மணிக்கட்டை இவ்வாறு நிலையாக நிறுத்துவதற்கென்றே வந்ததுதான் 'ரிஸ்ட் சப்போர்ட்' எனப்படும் மணிக்கட்டுக் காப்பு. நாம் அணியும் காப்பு அழகுக்கு. இந்தக் காப்பு உண்மையாகவே காப்பதற்கு! இதில் சில வகைகள் உண்டு. வெறும் இழுவைத் துணியால் ஆனது இலேசான பிடிப்பை மட்டும் தரும். புறங்கையிலோ உள்ளங்கைப் பக்கத்திலோ உலோகத் தகடு வைத்துத் தைத்தது மணிக்கட்டை மடியவிடாது. இன்னும் சிலவற்றில் மணிக்கட்டு எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதை நாமே திருத்தி அமைத்துக்கொள்ளலாம்.

அணியும் முறையும் முக்கியம். கை நேராக இருக்கும்போதே பட்டைகளை இறுக்க வேண்டும். விரல்கள் வெளுத்தாலோ மரத்தாலோ பட்டை மிகவும் இறுகிவிட்டது என்று பொருள். உடனே தளர்த்த வேண்டும். ஓர் ஆட்டம் முடிந்ததும் சிறிது நேரம் கழற்றிவைப்பது நன்று. சொந்தமாகப் பந்து வாங்குவோர், காப்பை அணிந்துகொண்டே துளைகளுக்கு அளவு கொடுக்க வேண்டும். ஏனெனில் காப்பு அணிந்தவுடன் கை பந்தைப் பற்றும் விதம் மாறிவிடும்.

இவ்வளவு பயன் இருந்தும், காப்பு எல்லாவற்றையும் காத்துவிடாது. எங்கள் தோழியின் கதையே அதற்குச் சான்று. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு எடையுள்ள பந்தே தொடக்கத்தில் போதும் என்பார்கள். ஏறக்குறைய 40 கிலோ எடையுள்ள அவளுக்கு 9 பவுண்டுப் பந்து போதும். அவளோ எங்கள் முன் வீரம் காட்ட 14 பவுண்டுப் பந்தை எடுத்தாள். மறுநாள் மணிக்கட்டு வலித்தது. அம்மாவிடம் சொன்னால் திட்டு விழுமென்று மறைத்துவிட்டு, அண்ணனின் காப்பை மாட்டிக்கொண்டு அடுத்த வாரமும் ஆடினாள். "இப்போது வலியே இல்லையடி!" என்று எங்களிடம் பெருமையாகச் சொன்னாள். நாங்களும் கைதட்டினோம். அதுதான் எங்கள் தவறு. காப்பு வலியை மறைத்ததே தவிர, போக்கவில்லை. தசைநாண்களின் உறை வீங்கியிருப்பதாகவும், மூன்று வாரம் கைக்கு ஓய்வு வேண்டுமென்றும் மருத்துவர் கூறினார். அவ்வாரங்களில்தான் எங்கள் திருப்புதல் தேர்வு! கணக்குத் தாளில் விடை தெரிந்தும் எழுதக் கை வராமல் கடைசி இரு வினாக்களை விட்டுவிட்டு அவள் அழுதுகொண்டே வெளியே வந்ததை நாங்கள் மறக்க முடியாது.

எனவே தோழியரே, வலி என்பது உடல் நமக்கு எழுதும் கடிதம். அதைப் படிக்காமல் உறையிலிட்டு ஒட்டிவிடக் கூடாது. வலி இருந்தால் ஆட்டத்தை நிறுத்திப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். வலி இல்லாதபோது சிறு ரப்பர் பந்தைப் பிசைவது, ஒரு தண்ணீர்ப் புட்டியைப் பிடித்து மணிக்கட்டை மெல்ல மேலும் கீழும் அசைப்பது போன்ற எளிய பயிற்சிகளால் மணிக்கட்டை உறுதியாக்கலாம். முல்லைக் கொடிக்குப் பாரி தேரையே தந்தான். ஆனாலும் தேர் வளரவில்லை, கொடிதான் வளர்ந்தது. காப்பும் அந்தத் தேரைப் போன்றதே. சாய்ந்துகொள்ள அது உதவும். வளர வேண்டியது நம் கையே.

எங்கள் தோழியின் கை இப்போது நலமாகிவிட்டது. இக்கட்டுரையின் நல்ல படியை எழுதித் தந்ததும் அந்தக் கைதான்!

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு