காசு நோட்டம்

காசின் மாற்றையும் மெய்ம்மையையும் ஆராய்ந்து கூறுவோனைப் பண்டைத் தமிழர் வண்ணக்கன் என்றனர். சங்கப் புலவர் சிலர் பெயரிலும் இச்சொல் பயின்றுள்ளது. பழங்காசு திரட்டுவோர்க்கு இன்றும் அந்நோட்டம் இன்றியமையாதது.

விக்டோரியா அரசியின் தலை பொறித்த வெள்ளி ரூபாயைக் காண்போம். அதன் எடை ஒரு தோலா, அஃதாவது 11.66 கிராம். தேய்ந்த காசு சிறிது குறையும். எடை மிகுமாயின் ஐயுறல் வேண்டும். 1877ஆம் ஆண்டு முதற்கொண்டே அதில் ‘பேரரசி’ என்று பொறித்தனர். முந்திய ஆண்டிட்ட காசில் அச்சொல் காணப்படின், மேலும் ஆராய வேண்டுவதில்லை!

காசடிக்கும் அக்கசாலையில் வெள்ளி வில்லையை இரண்டு எஃகு அச்சுகளுக்கிடையே வைத்து அழுத்துவர். ஆதலின் எழுத்துகள் கூர்மையாக அமையும். கள்ளக்காசு செய்வோரிற் பலர் உண்மைக் காசைக்கொண்டு கருவமைத்து, உருக்கிய உலோகத்தை அதில் வார்ப்பர். உலோகம் ஆறுங்கால் சுருங்கும், நுண்துளைகள் தோன்றும், எழுத்து மழுங்கும். கருவின் இரு பாதிகள் கூடிய கோடு விளிம்பில் தெரியும். அதனை அராவி மறைத்தாலும், அவ்விடத்து வரிகள் சிதைந்திருக்கும். கைதேர்ந்தோர் விளிம்பைக் கூர்ந்து நோக்குவது இதனாலேயே. சுண்டி ஒலி கேட்டலும் உண்டு; ஆயினும் வெடிப்புற்ற நற்காசும் மங்கி ஒலிக்குமாதலின், அதனை மட்டும் நம்புதல் தகாது.

மெய்க்காசு எனத் தெளிந்தபின் தரம் காண்பர். அரசியின் முடி, கன்னம் முதலிய மேடான இடங்களே முதலில் தேயும். தேய்வினும் கொடியது துலக்குதல். கருத்த காசைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்ப்போர் பலர். காசு பளபளக்கும், ஆனால் அச்சு அழுத்தியபோது அமைந்த ஒளியும், நூறாண்டு படிந்த நிறமும் நீங்கி, நுண்கீறல்களே எஞ்சும். அவற்றை மாற்ற எவராலும் இயலாது. தேயாத காசாயினும், துலக்கப்பட்டதாயின் அதற்கு நோட்டம் வல்லோர் குறைந்த விலையே மதிப்பர்.