மேடையில் ஒரு பேச்சாளர், எதிரே உழைப்பவர்கள்

1967 ஆகஸ்ட் 11 அன்று அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் கறுப்பின வானொலி அறிவிப்பாளர்கள் கூடியிருந்தார்கள். ‘நாட்ரா’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அவர்களது சங்கத்தின் மாநாடு அது. இசைத்தட்டைச் சுழலவிட்டு, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பேசி, விளம்பரம் வாசித்து, ஊர்ச்சேதி சொல்லிப் பிழைத்தவர்கள் அவர்கள். கறுப்பின நேயர்களுக்கென்றே நடத்தப்பட்ட நிலையங்களுக்குக்கூடப் பெரும்பாலும் வெள்ளையர்களே முதலாளிகள். அந்த மாநாட்டில் பேச அழைக்கப்பட்டிருந்தவர் கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்.

கேளிக்கைத் துறையின் கறுப்பின ஊழியர்களுக்காக நடந்த சிறப்புப் பேச்சாளர் கூட்டங்களில் இதற்கு ஈடாக இன்னொன்றைச் சொல்வது கடினம். அதற்குக் காரணம் கிங்கின் புகழ் மட்டுமன்று. எதிரே அமர்ந்திருந்தவர்களின் வேலையை அவர் உள்ளும் புறமும் அறிந்திருந்தார். படிப்பும் பொருளாதார வாய்ப்பும் மறுக்கப்பட்ட எளிய மக்களுக்கு வெளியுலகத்தோடு உள்ள ஒரே தொடர்பு வானொலிதான், தொலைக்காட்சி வசதி படைத்தவர்களோடுதான் பேசிக்கொண்டிருக்கிறது, ஆகவே மக்களின் கருத்தை உருவாக்குகிறவர்கள் நீங்கள்தான் என்று அவர்களிடம் சொன்னார். கறுப்பு, வெள்ளை இளைஞர்கள் ஒரே பாட்டைக் கேட்டு ஒரே ஆட்டம் ஆடுவதற்கு அவர்கள் வழி செய்ததும் சமூக மாற்றத்துக்குப் பாதை போட்ட வேலைதான் என்றார். பிறகு பெயர் சொல்லி நன்றி தெரிவித்தார். மிசிசிப்பியில் 1964 கோடையில் நடந்த வாக்குரிமைப் பணிக்கு நிதி திரட்டிக் கொடுத்த பர்விஸ் ஸ்பான், பிலடெல்பியாவிலிருந்து இயக்கத்துக்கு ஓயாமல் குரலும் பணமும் கொடுத்த ஜார்ஜி வுட்ஸ், பர்மிங்ஹாமின் ‘டால் பால்’ ஒயிட்.

பர்மிங்ஹாம் கதையைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். 1963 மே மாதம் அந்த ஊரில் பள்ளிப் பிள்ளைகள் நிறவெறிச் சட்டங்களை எதிர்த்து வீதிக்கு வந்தார்கள். போலீஸ் நாய்களை ஏவியது. தீயணைப்புக் குழாய்களைத் திருப்பித் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது. அந்தப் படங்கள் உலகையே உலுக்கின. ஆயிரக்கணக்கான பிள்ளைகளை ஒரே நாளில் ஒரே இடத்துக்கு வரவழைத்ததில் உள்ளூர் வானொலிக்குப் பெரும் பங்குண்டு. டால் பால் ஒயிட்டும் ஷெல்லி ஸ்டூவர்ட்டும் பாட்டுகளுக்கு நடுவே, பூங்காவில் விருந்து இருக்கிறது என்பது போன்ற குறிப்பு மொழியில் செய்தி சொன்னார்கள். பிள்ளைகளுக்குப் புரிந்தது. வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்த அதிகாரிகளுக்குப் புரியவில்லை.

கிங்குக்கும் வானொலிக்கும் இருந்த நெருக்கம் அட்லாண்டாவில் பேர்போனது. ஜெஸ்ஸி பிளேட்டன் என்ற கறுப்பினக் கணக்காயர் 1949இல் 50,000 டாலர் கொடுத்து டபிள்யூ.இ.ஆர்.டி. என்ற நிலையத்தை வாங்கினார். அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்குச் சொந்தமான முதல் வானொலி நிலையம் அதுதான். ஆபர்ன் அவென்யூவில் அந்த நிலையம் இயங்கிய கட்டடத்திலேயே கிங்கின் இயக்க அலுவலகமும் பின்னர் இருந்தது. மக்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கிங் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவாராம். மேலேயிருந்து ஜன்னல் வழியாக மைக் கீழே இறங்குமாம். அட்லாண்டாவில் இன்றும் இதைச் சொல்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஒருவர் மேடையேறிப் பேசும்போது கேட்பவர் மனத்தில் என்ன நடக்கும்? அதிகாலைப் பணிக்கு ஓடி, குறைந்த சம்பளத்தில் பாட்டு போட்டுக்கொண்டிருப்பவர், தன் வேலையால் ஊர் மாறியிருக்கிறது என்பதைச் சாட்சியோடு கேட்கிறார். பெரிய கனவு காணுங்கள் என்ற அறிவுரையை யாரும் யாருக்கும் சொல்லிவிடலாம். உன் உழைப்பை நான் பார்த்தேன், அது இன்ன இடத்தில் பயன்பட்டது என்று சொல்வதற்குப் பேச வருகிறவர் அந்த உழைப்பை உண்மையிலேயே பார்த்திருக்க வேண்டும். ஊக்கப் பேச்சுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தோற்கின்றன.

நிச்செல் நிக்கோல்ஸின் அனுபவமும் கிட்டத்தட்ட இதே காலத்தியது. ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் விண்கலத்தின் தகவல் தொடர்பு அதிகாரி உஹூராவாக நடித்தவர் அவர். முதல் பருவம் முடிந்ததும் நாடக மேடைக்குத் திரும்பிவிட முடிவு செய்து, தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியிடம் விலகல் கடிதம் கொடுத்துவிட்டார். அந்த வார இறுதியில் ஒரு நிதி திரட்டும் விழாவில் கிங்கைச் சந்தித்தார். போகக்கூடாது என்றார் கிங். பணிப்பெண்ணாகவும் சமையற்காரியாகவுமே கறுப்பினப் பெண்கள் திரையில் வந்துகொண்டிருந்த காலத்தில், மதிப்புள்ள பதவியில் ஒரு பெண்ணை நாடே பார்க்கிறது என்று அவர் எடுத்துச் சொன்னதை நிக்கோல்ஸ் தன் வாழ்நாள் முழுவதும் மேடைகளில் சொல்லிவந்தார். அவர் தொடரில் நீடித்தார்.

அதற்குப் பிந்தைய பகுதி இன்னும் சுவையானது. 1977இல் நாசா நிறுவனம் விண்வெளி வீரர் தேர்வுக்குப் பெண்களையும் சிறுபான்மையினரையும் ஈர்ப்பதற்கு நிக்கோல்ஸின் உதவியை நாடியது. அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1978இல் தேர்வான 35 பேரில் ஆறு பெண்களும் மூன்று கறுப்பின ஆண்களும் இருந்தார்கள். அந்த மூவரில் ஒருவரான கயன் புளூஃபோர்ட் 1983இல் விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பின அமெரிக்கர் ஆனார். ஒரு நடிகையின் பேச்சுக்கு 1978இல் பலன் கிடைத்ததென்றால், அவர் பேசிவிட்டுப் போன பிறகு நிரப்புவதற்கு விண்ணப்பப் படிவமும், எடுப்பதற்கு உண்மையான பணியிடங்களும் இருந்ததுதான் காரணம்.

நிறுவனங்களுக்குள் கறுப்பின ஊழியர்கள் குழுவாக ஒன்றுசேர்ந்து பேச்சாளர்களை அழைக்கும் வழக்கத்துக்கு வேர் ஹாலிவுட்டில் இல்லை. 1964இல் ராச்செஸ்டர் நகரில் இனக் கலவரம் வெடித்த பிறகு, அங்கே தலைமையகம் வைத்திருந்த ஜெராக்ஸ் நிறுவனம் விழித்துக்கொண்டது. 1970இல் அதன் கறுப்பின ஊழியர்கள் தங்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அந்த மாதிரி மெல்லப் பரவி இன்று ஸ்டுடியோக்கள், இசை நிறுவனங்கள், ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் வரை வந்திருக்கிறது. பிப்ரவரி மாதம் கறுப்பின வரலாற்று மாதம் என்பதால் அப்போது கூட்டங்கள் குவிகின்றன. ஓர் இயக்குநரோ ஒரு நடிகையோ ஒரு மூத்த ஆடை வடிவமைப்பாளரோ வந்து ஒரு மணி நேரம் பேசுவார், கேள்வி பதில் இருக்கும், படம் எடுத்துக்கொள்வார்கள்.

பதினொரு மாதம் யாரும் கேட்காத குரலைப் பன்னிரண்டாவது மாதத்தில் கேட்க வைக்கும் ஏற்பாடாக அது நின்றுவிடுவது வருத்தம் தருகிறது. ஆனாலும் நல்ல பேச்சு ஒன்று எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதற்கு 2014இல் நடிகை லூபிட்டா நியாங்கோ பேசியதைச் சொல்லியாக வேண்டும். ‘எசன்ஸ்’ பத்திரிகை ஹாலிவுட்டின் கறுப்பினப் பெண்களுக்காக ஆண்டுதோறும் ஆஸ்கருக்கு முன்பு நடத்தும் மதிய விருந்து அது. சருமத்தை வெளுப்பாக்கும் களிம்பை வாங்கவிருந்த ஒரு சிறுமி, லூபிட்டாவைத் திரையில் பார்த்ததும் மனம் மாறிவிட்டதாக அவருக்குக் கடிதம் எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, தானும் சிறுவயதில் வெளுப்பாக வேண்டுமென்று இரவுகளில் வேண்டிக்கொண்டதையும், தெற்கு சூடானிய மாடல் அலெக் வெக்கைப் பார்த்த பிறகு தன் மனம் திறந்ததையும் சொன்னார். அந்த விருந்தில் இருந்தவர்கள் அதே துறையில் அதே நிறத்தோடு தினம் தினம் கேமரா முன்னாலும் பின்னாலும் நிற்பவர்கள். அவர்களுக்கு அது தங்கள் வேலைநாளைப் பற்றிய பேச்சு.

2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர் கொன்ற பிறகு நிலைமை வேகமெடுத்தது. இசைத்துறையில் பணியாற்றிய ஜமீலா தாமஸ், பிரியானா அக்யெமாங் என்ற இரண்டு கறுப்பினப் பெண்கள் ஜூன் 2ஆம் தேதி வழக்கமான வேலையை நிறுத்தி வைக்குமாறு தொழிலையே கேட்டுக்கொண்டார்கள். பெரிய நிறுவனங்கள் பல அதை ஏற்றன. அந்த ஆண்டு பேச்சாளர் அழைப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 2021இல் மெக்கின்சி நிறுவனம் வெளியிட்ட ஆய்வில் திரைப்பட நிறுவன நிர்வாகிகளில் 92 விழுக்காட்டினர் வெள்ளையர் என்றிருந்தது. தொலைக்காட்சியில் 87 விழுக்காடு. இனத் தடைகளை நீக்கினால் துறைக்கு ஆண்டுக்கு 1,000 கோடி டாலர் கூடுதல் வருமானம் கிடைக்கும் என்றும் அது கணக்கிட்டது. பேச்சைக் கேட்டுக் கைதட்டிய ஊழியர், கதையைத் தேர்ந்தெடுக்கும் அறைக்குள் நுழைந்திருந்தாரா என்ற கேள்விக்கு இந்த எண்களே விடை.

2023 கோடையில் டிஸ்னி, நெட்ஃபிளிக்ஸ், வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி ஆகிய நிறுவனங்களில் பன்முகத்தன்மைப் பொறுப்பில் இருந்த கறுப்பினப் பெண் அதிகாரிகள் அடுத்தடுத்து வெளியேறும் செய்தி வந்தது. 2025இல் அமெரிக்க அரசே பன்முகத்தன்மைத் திட்டங்களுக்கு எதிராகத் திரும்பியது. தகவல் தொடர்பு ஆணையம் காம்காஸ்ட், டிஸ்னி நிறுவனங்களின் நடைமுறைகளை விசாரிக்கத் தொடங்கியது. இன அடிப்படையில் உறுப்பினர்களைக் கட்டுப்படுத்தும் ஊழியர் குழுக்கள் சட்டத்துக்குப் புறம்பாகலாம் என்று வேலைவாய்ப்புச் சமத்துவ ஆணையம் எச்சரித்தது. கூட்டங்களை எல்லோருக்கும் திறந்துவிடுவதில் தவறில்லை. சொல்லப்போனால், பேச்சைக் கேட்க வேண்டியவர்களில் முதல் வரிசையில் இருக்க வேண்டியவர் சம்பளத்தையும் பதவி உயர்வையும் முடிவு செய்கிறவர். ஆனால் அந்த ஊழியர்கள் தங்களுக்குள் மனம்விட்டுப் பேச இருந்த ஓர் இடமும் சேர்ந்தே போய்விடுமானால் இழப்பு பெரிது.

மனம்விட்டுப் பேசுவதற்கு விலையும் உண்டு. 2018இல் நடிகர் சாட்விக் போஸ்மன் தான் படித்த ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் பேசினார். தொழிலின் தொடக்கத்தில் ஒரு தொலைக்காட்சித் தொடரில் தனக்குக் கிடைத்த கறுப்பின இளைஞன் பாத்திரம், அப்பா ஓடிப்போனவர், அம்மா போதைக்கு அடிமை என்ற தேய்ந்த வார்ப்பில் இருந்ததையும், அதைப் பற்றித் தயாரிப்பாளர்களிடம் கேள்வி கேட்ட பிறகு வேலை பறிபோனதையும் அங்கே சொன்னார். வாய் திறந்தால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதை மறைக்காத பேச்சு அது. அதே போஸ்மன் மாணவராக இருந்தபோது ஆக்ஸ்போர்டில் நடந்த கோடைக்கால நடிப்புப் பயிற்சிக்குத் தேர்வாகிப் பணமில்லாமல் தவித்தார். ஆசிரியை ஃபிலிசியா ரஷாத் நண்பர்களிடம் கேட்டார். அவருக்கான கட்டணத்தைக் கொடுத்தவர் நடிகர் டென்சல் வாஷிங்டன். 2019இல் டென்சலுக்கு நடந்த பாராட்டு விழாவில் போஸ்மன் அவர் முகத்தைப் பார்த்தே இதைச் சொல்லி நன்றி தெரிவித்தார். 2020இல் போஸ்மன் இறந்தார். அடுத்த ஆண்டு ஹோவர்ட் தன் நுண்கலைக் கல்லூரிக்கு அவர் பெயரைச் சூட்டியது. அதே ஆண்டு அந்தக் கல்லூரியின் முதல்வரானவர் ஃபிலிசியா ரஷாத். மாணவர்களின் நான்கு ஆண்டுப் படிப்புக் கட்டணத்துக்காக நெட்ஃபிளிக்ஸ் 54 லட்சம் டாலர் கொடுத்தது.