புல்லுக்கு முன் வாட்டம்

பேரப்பிள்ளைகளுக்கு முழங்கால் சிராய்க்கக் கூடாதென்று மொட்டை மாடியில் செயற்கைப் புல் விரித்தேன். ஒரு மழைக்காலம் போனதும் கீழறைக் கூரையில் ஈரம் கசிந்தது. புல்லைத் தூக்கினால் அடியில் தேங்கிய நீரும் பாசியும். தவறு என்னுடையதுதான்.

ரயில் பாதையில் ஜல்லி கொட்டும் முன் அடித்தளத்துக்கு 30-க்கு 1 என்று வாட்டம் கொடுப்போம். நீர் வடியாத இடத்தில் மேலே எதைப் போட்டும் பயனில்லை. அதை வீட்டில் மறந்துவிட்டேன். ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்யும் நம் அந்தமானில் மறக்கலாமா? இது சென்னை மழையைப் போல் இரு மடங்கு!

புல்லின் அடிப்பாகத்தில் துளைகள் உண்டு. அவற்றின் வழியே இறங்கும் நீர் தளத்தின்மேல் ஓடித்தான் வெளியேற வேண்டும். எனவே அன்பர்கள் இதைக் கவனியுங்கள்:

1. தளத்தில் வாளி நீரை ஊற்றுங்கள். அரை மணி கழித்தும் நீர் நிற்கும் இடங்களைச் சாக்குக்கட்டியால் குறியுங்கள். கொத்தனாரைக் கொண்டு அவற்றை நிரப்பி, 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் வாட்டம் வையுங்கள்.

2. விரிசல்களை அடைத்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்து, நன்கு காயவிடுங்கள்.

3. ஜனவரி முதல் ஏப்ரலுக்குள், ஈரமில்லாத நாளில் விரியுங்கள். ஓரங்களிலும் இணைப்புகளிலும் மட்டும் பசை போதும். நீர்த்தாரை வாயை மூடாதீர்கள்.

4. வெயிலில் புல் சுடும். குழந்தைகள் வெறுங்காலோடு இறங்குமுன் நீர் தெளியுங்கள்.

இவ்வாறே நானும் மறுபடி விரித்தேன். அடுத்த மழையில் கூரை காய்ந்தே இருந்தது.