பசுமைப் பட்டாசு: புகை குறைஞ்சது... சாத்தூரின் பயம் குறைஞ்சதா?

பட்டாசுப் பெட்டியில் பச்சை லோகோவும் கியூஆர் கோடும் பார்த்திருப்பீங்க. ஒரு ஆய்வகம், ஒரு நீதிமன்றம், விருதுநகர் மாவட்டத்தின் பல கிராமங்கள் என மூன்று இடங்களை இணைக்கிறது அந்த லோகோ.

எப்படி வந்தது?

டெல்லி காற்று மாசு வழக்கில் 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டாசுக்கு முழுத் தடை இல்லை. ஆனால் மாசு குறைந்த பட்டாசுக்கு மட்டுமே அனுமதி. பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை. மாற்று ஃபார்முலாவை உருவாக்கியது நாக்பூரில் உள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம், சுருக்கமாக 'நீரி'. 2019 அக்டோபரிலேயே பசுமைப் பட்டாசு அறிமுகமாகிவிட்டது.

அதில் என்ன ஸ்பெஷல்?

ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என மூன்று வகை. ஸ்வாஸ், வெடிக்கும்போது நீராவியை வெளியிட்டு தூசியை அடக்கும். ஸ்டாரில் பொட்டாசியம் நைட்ரேட்டும் கந்தகமும் இல்லை. சஃபலில் அலுமினியம் மிகக் குறைவு. நுண்துகள் மாசு சுமார் 30% குறையும் என்பது நீரியின் கணக்கு. மூலப்பொருட்களைப் பரிசோதிக்க சிவகாசியிலேயே ஆய்வு வசதியும் தொடங்கப்பட்டது.

தொழிலுக்கு என்ன சிக்கல்?

கம்பி மத்தாப்புக்கும் பச்சை நிற வெளிச்சத்துக்கும் பேரியம் நைட்ரேட்தான் ஆதாரம். அளவைக் குறைத்துப் பயன்படுத்தவாவது அனுமதி வேண்டும் என்று உற்பத்தியாளர்கள் கேட்டார்கள். 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

அப்போ சாத்தூர்ல?

2021 பிப்ரவரி 12, சாத்தூர் அருகே அச்சன்குளம் ஆலை வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 17, வெம்பக்கோட்டை அருகே ராமுதேவன்பட்டியில் 10 பேர். இங்கே ஆபத்து பட்டாசைக் கொளுத்தும்போது வருவதில்லை. மருந்து கலக்கும்போதும், குழாயில் செலுத்தும்போதும் ஏற்படும் சின்ன உராய்வு போதும். ஒரு அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்பதற்கெல்லாம் விதி இருக்கிறது. ஆனால் உள்குத்தகைக்கு விட்ட அறைகளில், பீஸ் ரேட் கூலிக்கு வேகவேகமாக வேலை நடக்கும்போது அந்த விதி காகிதத்தோடு நின்றுவிடுகிறது.

என்ன செய்யணும்?

ஆய்வகமும் அரசும் பேசிக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பசுமைப் பட்டாசே சாட்சி. ஆனால் அங்கே எழுந்த கேள்வி, டெல்லிக்காரர்கள் சுவாசிக்கும் காற்றைப் பற்றியது. மருந்து அறையில் உட்கார்ந்திருப்பவரின் கேள்வி வேறு: கையால் செலுத்தாமல் சிறு ஆலைக்கும் கட்டுப்படியாகும் மெஷின் உண்டா? உராய்வைத் தாங்கும் கலவை உண்டா? வெயில் ஏறும் நேரத்தில் வேலையை நிறுத்தினால் அன்றைய கூலியை யார் தருவது?

முதல் இரண்டும் விஞ்ஞானிகளுக்கான கேள்விகள். மூன்றாவது அரசுக்கானது. ஆய்வு தொடங்கும் முன்பே அந்தத் தொழிலாளர்களை மேஜைக்கு அழைத்து உட்கார வைத்தால்தான் இந்தக் கேள்விகள் கோப்பில் ஏறும். டெல்லியின் புகைக்கு ஒரே வருஷத்தில் ஃபார்முலா வந்தது. அச்சன்குளம் இன்னும் காத்திருக்கிறது.