சினிமா கம்பெனிகள் டி.வி.க்கு வந்த கதை

குழந்தைகளே! இரவில் பாட்டி தவறாமல் பார்க்கும் தொடரைத் தயாரிப்பது யார் என்று கவனித்ததுண்டா? அதில் சில, பெரிய சினிமா கம்பெனிகள் எடுத்தவை. அந்தக் கம்பெனிகள் பல, ஒரு காலத்தில் டி.வி.யைப் பரம எதிரியாக நினைத்தன!

சினிமாவில் பணம் எப்படி வந்தது என்று தெரிந்தால் அந்தப் பயம் புரியும். நம் திருச்சியும் தஞ்சாவூரும் சேர்ந்து சினிமாக்காரர்களுக்கு ஒரு 'ஏரியா'. அந்த ஏரியாவை வாங்கிய விநியோகஸ்தர், ஃபிலிம் சுருள்கள் அடங்கிய பெட்டியைக் கொட்டகை கொட்டகையாக அனுப்புவார். திருச்சியில் ஓடி முடித்த படம் மெல்ல மெல்லச் சின்ன ஊர்களின் டூரிங் கொட்டகைக்கு வரும். பெட்டி வராவிட்டால் அன்று படம் கிடையாது. போகும் ஊரிலெல்லாம் டிக்கெட் விற்கும். டி.வி.யிலோ பெட்டியும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. பிறகு கொட்டகைக்கு யார் வருவார்கள்?

அமெரிக்காவில் 1950களிலேயே இந்தக் கலக்கம் வந்துவிட்டது. ஆனால் கொலம்பியா ஸ்டுடியோ, 'ஸ்கிரீன் ஜெம்ஸ்' என்ற தன் கிளை மூலம் டி.வி. தொடர்களை எடுத்தது. வால்ட் டிஸ்னி இன்னும் கெட்டிக்காரர். அவருக்கு ஒரு பெரிய பூங்கா கட்ட ஆசை. கையில் போதிய பணம் இல்லை. ஏ.பி.சி. டி.வி.க்கு வாராவாரம் நிகழ்ச்சி தருகிறேன், பூங்காவுக்குப் பணம் போடுங்கள் என்றார். நிகழ்ச்சி 1954இல் தொடங்கியது. 1955இல் டிஸ்னிலேண்ட் திறந்தாயிற்று!

சென்னையில் தூர்தர்ஷன் வந்தது 1975 ஆகஸ்ட் 15இல். 1987இல் இந்திப் பட உலகின் ராமானந்த் சாகர் எடுத்த 'ராமாயண்' ஞாயிறு காலைகளில் ஒளிபரப்பானது. அந்த நேரத்தில் எங்கள் ஸ்ரீரங்கத்து வீதிகளில் ஆள் நடமாட்டமே இருக்காது. இந்தி தெரியாத பாட்டிகளுக்கும் கதை தெரியுமே! அடுத்த ஆண்டு பி.ஆர். சோப்ராவின் சினிமா கம்பெனி 'மகாபாரத்'தோடு வந்தது.

தமிழில் ஏவி.எம். இந்தப் பாதையில் வந்தது. காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன் 1945இல் தொடங்கிய நிறுவனம் அது. 'நாம் இருவர்' (1947) காரைக்குடியிலேயே எடுத்த படம். பிறகுதான் ஸ்டுடியோ கோடம்பாக்கம் போனது. சிவசங்கரியின் நாவலை வைத்து, ரகுவரன் நடிக்க, தூர்தர்ஷனுக்காக 1980களில் 'ஒரு மனிதனின் கதை' என்ற தொடரை ஏவி.எம். தயாரித்தது. குடிப்பழக்கத்தால் சீரழியும் ஒருவனின் கதை. கொட்டகையில் இது வசூலாகுமா என்று யாரும் யோசித்திருப்பார்கள்; வீட்டுக் கூடத்தில் குடும்பமே உட்கார்ந்து பார்த்தது. அதே கதை பிறகு 'தியாகு' என்று சினிமாவாகவும் வந்தது. 1993இல் சன் டி.வி. பிறந்த பிறகு 'நிம்மதி உங்கள் சாய்ஸ்' போன்ற ஏவி.எம். தொடர்களும் வந்தன.

தொடர்களைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. முன்பெல்லாம் ஓடி முடித்த படத்துக்கு மதிப்புக் குறைவு. சுருள்களைக் கரைத்து, அதிலுள்ள வெள்ளியை எடுத்துவிட்டவர்களும் உண்டு. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) படத்துக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. டி.வி. வந்ததும் பழைய படங்களுக்கும் விலை வந்தது. விலை வந்ததும் பெட்டிகளைப் பத்திரமாக வைத்தார்கள். 1952இல் வந்த 'பராசக்தி'யை நீங்கள் வீட்டிலேயே பார்க்க முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த முறை டி.வி.யில் கறுப்பு வெள்ளைப் படம் வந்தால், உடனே சேனலை மாற்றாதீர்கள். முதலில் வரும் கம்பெனிச் சின்னத்தைப் பாருங்கள். எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்று தாத்தாவிடம் கேளுங்கள். பெட்டிக்காகக் காத்திருந்த கதையையும் சேர்த்துச் சொல்வார்!