உளவாளியா, துரோகியா? தீவிரவாதக் குழுக்களுக்குள் ஊடுருவும் திரைப்படங்கள் சொல்வதும் சொல்லாததும்

புதுடெல்லி: ஆயுதக் குழு ஒன்றின் ரகசியக் கூட்டம். தலைவர் அடுத்த தாக்குதலுக்கான திட்டத்தை விளக்குகிறார். சுற்றி அமர்ந்திருப்பவர்களில் ஒருவர் காவல்துறையின் ஆள். அவர் யார் என்பது பார்வையாளருக்குத் தெரியும், தலைவருக்குத் தெரியாது. தீவிரவாதக் குழுக்களைப் பற்றிய திரைப்படங்களில் பல பத்தாண்டுகளாக இடம்பெற்றுவரும் காட்சி இது.

இத்தகைய படங்கள் உண்மையிலிருந்து எதை எடுத்துக்கொள்கின்றன? எதை விட்டுவிடுகின்றன? உளவு சொல்பவர்களுக்கு இந்தியச் சட்டம் தரும் பாதுகாப்பு என்ன? விரிவாகக் காண்போம்.

மூன்று வகையினர்

திரைப்படங்கள் பெரும்பாலும் மூன்று வெவ்வேறு நபர்களை ஒருவராகவே காட்டுகின்றன. முதலாமவர், மாறுவேடத்தில் குழுவுக்குள் செல்லும் காவல்துறை அதிகாரி. இவருக்குப் பயிற்சியும் ஊதியமும் திரும்பி வருவதற்கு ஒரு பதவியும் உண்டு. இரண்டாமவர் இன்பார்மர். இவர் ஏற்கெனவே குழுவில் இருப்பவராகவோ, வழக்கிலிருந்து தப்புவதற்காகவோ பணத்துக்காகவோ உள்ளே அனுப்பப்பட்டவராகவோ இருப்பார். இவருக்கு அடையாள அட்டை கிடையாது. மூன்றாமவர் அப்ரூவர். கைதான பின்னர், மன்னிப்பு பெற்று நீதிமன்றத்தில் சாட்சியம் அளிப்பவர்.

இவர்களில் மிகவும் பலவீனமான நிலையில் இருப்பவர் இன்பார்மரே. அகப்பட்டால் குழு அவரைக் கொல்லும். அகப்படாவிட்டாலும் அவர் செய்த பணி எந்தப் பதிவிலும் வெளிப்படையாக இடம்பெறாது.

'த்ரோஹ்கால்' முதல் 'குருதிப்புனல்' வரை

இந்தியத் திரைப்படங்களில் இந்தச் சிக்கலை நேரடியாகக் கையாண்ட முக்கியமான படம், கோவிந்த் நிஹலானி இயக்கத்தில் 1994-ல் வெளியான 'த்ரோஹ்கால்'. துரோகத்தின் காலம் என்பதே தலைப்பின் பொருள். தீவிரவாதக் குழுவின் தலைவராக நடித்த ஆஷிஷ் வித்யார்த்தி, சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றார். இதன் தமிழ் மறுஆக்கமாக, ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராம் இயக்கத்தில் கமல்ஹாசன், அர்ஜுன், நாசர் நடித்த 'குருதிப்புனல்' 1995-ல் வெளியானது. பாடல்களே இல்லாத இப்படம், ஆஸ்கர் விருதுக்கான இந்தியாவின் அதிகாரப்பூர்வப் பரிந்துரையாக அனுப்பப்பட்டது.

இரு காவல்துறை அதிகாரிகள் தங்கள் ஆட்கள் இருவரைத் தீவிரவாதக் குழுவுக்குள் அனுப்புகின்றனர். பின்னர் குழுவின் தலைவர், அதிகாரிகளில் ஒருவரது குடும்பத்தை மிரட்டி, அவரையே தனது உளவாளியாக மாற்றுகிறார். அதாவது, மற்றவர்களை உளவாளியாக்கிய அதிகாரி, தானே அந்த நிலைக்குத் தள்ளப்படுகிறார். அச்சம் யாரையும் உடைக்கும் என்று காட்டியதே இப்படத்தின் வலிமை. அதேநேரத்தில், அந்தக் குழு எதற்காக ஆயுதம் ஏந்தியது என்ற கேள்விக்குப் படம் அதிக இடம் தரவில்லை.

அந்தக் கேள்வியை மையத்தில் வைத்தது பிரகாஷ் ஜாவின் 'சக்ரவியூஹ்' (2012). காவல்துறை அதிகாரியான தன் நண்பனுக்கு உதவுவதற்காக மாவோயிஸ்டுகளிடையே ஊடுருவும் இளைஞன், நிலத்தையும் காட்டையும் இழக்கும் பழங்குடியினரின் நிலையைக் கண்டு மனம் மாறி, அவர்கள் பக்கமே நின்றுவிடுகிறான். ஒருவன் உளவாளியாக நீடிப்பதும் மனம் மாறுவதும் அவன் உள்ளே எதைப் பார்க்கிறான் என்பதையும் சார்ந்தது என இப்படம் வாதிட்டது.

உண்மைக் கதைகள் திரையில் மாறும் விதம்

அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரக் காவல்துறையில் பணியாற்றிய கறுப்பின அதிகாரி ரான் ஸ்டால்வொர்த், 1970-களின் இறுதியில் வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானில் தொலைபேசி வழியாகவே உறுப்பினரானார். நேரில் செல்ல வேண்டிய இடங்களுக்கு வெள்ளை இன அதிகாரி ஒருவர் சென்றார். இந்த வினோதமான உண்மைச் சம்பவத்தை ஸ்பைக் லீ 'பிளாக்கிளான்ஸ்மேன்' (2018) எனப் படமாக்கி, சிறந்த தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் படத்தில் வரும் குண்டுவெடிப்புச் சதி திரைக்கதைக்காகச் சேர்க்கப்பட்டது. கறுப்பின உரிமை அமைப்புகளையும் காவல்துறை இதேபோன்று உளவு பார்த்த வரலாற்றைப் படம் மென்மையாக்கிவிட்டது என்று இயக்குநர் பூட்ஸ் ரைலி விமர்சித்தார்.

இந்த மறுபக்கத்தைச் சொன்ன படம் 'ஜூடாஸ் அண்ட் தி பிளாக் மெசையா' (2021). கார் திருட்டு வழக்கில் சிக்கிய வில்லியம் ஓ'நீல் என்ற பதின்வயது இளைஞரை, பிளாக் பாந்தர் கட்சிக்குள் ஊடுருவச் செய்தது எஃப்பிஐ. கட்சியின் சிகாகோ தலைவர் ஃபிரெட் ஹாம்ப்டனின் வீட்டு வரைபடத்தை அவர் அளித்தார். 1969 டிசம்பர் 4 அதிகாலையில் காவல்துறை நடத்திய சோதனையில் ஹாம்ப்டனும் மார்க் கிளார்க்கும் கொல்லப்பட்டனர். காவல்துறை தரப்பில் 80-க்கும் மேற்பட்ட குண்டுகள் சுடப்பட்டதும், உள்ளே இருந்தவர்கள் தரப்பில் ஒரே ஒரு குண்டு மட்டுமே சுடப்பட்டதும் பின்னர் விசாரணையில் தெரியவந்தது. 1982-ல் 18.5 லட்சம் டாலர் இழப்பீட்டுடன் வழக்கு முடிவுக்கு வந்தது.

சம்பவத்தின்போது ஹாம்ப்டனுக்கு வயது 21, ஓ'நீலுக்கு 20. முப்பது வயதை ஒட்டிய நடிகர்கள் இவ்வேடங்களை ஏற்றதால், ஏறத்தாழ சிறுவர்களாகவே இருந்த இருவரை அரசு இயந்திரம் எதிரெதிரே நிறுத்திய உண்மை திரையில் மங்கிவிட்டது. அரசு 'தீவிரவாதி' என முத்திரை குத்திய ஒருவரைப் பிற்காலம் உரிமைப் போராளியாக நினைவுகூரக்கூடும் என்பதற்கும் ஹாம்ப்டனின் வாழ்க்கை சான்றாக உள்ளது.

அனுப்பியவரின் பொறுப்பு

வட அயர்லாந்தைக் களமாகக் கொண்ட 'ஷேடோ டான்சர்' (2012) படத்தில், ஐஆர்ஏ குழுவைச் சேர்ந்த இளம் தாயிடம் பிரிட்டன் உளவுத்துறை இரண்டு வழிகளை மட்டுமே வைக்கிறது. ஒன்று சிறை; மற்றொன்று சொந்தக் குடும்பத்தையே உளவு பார்ப்பது. இது கற்பனைக் கதை. ஆனால் இதே பகுதியில் நடந்த உண்மை இதனினும் கடுமையானது.

ஐஆர்ஏவுக்குள் இருந்த துரோகிகளைக் கண்டறிந்து தண்டித்த பிரிவிலேயே, 'ஸ்டேக்நைஃப்' என்ற ரகசியப் பெயரில் பிரிட்டன் ராணுவத்தின் உளவாளி ஒருவர் இருந்தார். 'ஆபரேஷன் கெனோவா' விசாரணைக் குழு 2024 மார்ச்சில் வெளியிட்ட இடைக்கால அறிக்கை, அவரால் காப்பாற்றப்பட்ட உயிர்களைவிட இழக்கப்பட்ட உயிர்களே அதிகமாக இருக்கக்கூடும் என்று கூறியது. ஓர் உளவாளியைக் காப்பதற்காக மற்றவர்களின் மரணத்தை அரசு அனுமதிக்கலாமா என்பதே இங்கு எழும் கேள்வி. பெரும்பாலான திரைப்படங்கள் துரோகத்தின் வலியை உளவாளியின் மனசாட்சி மீது ஏற்றிவிடுகின்றன. அவரை அனுப்பிய அலுவலகத்தின் கதவு வரை கேமரா அரிதாகவே செல்கிறது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் சட்டத்தின் 131-வது பிரிவின்படி, குற்றம் பற்றிய தகவல் எங்கிருந்து கிடைத்தது என்பதைக் கூறுமாறு காவல்துறை அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது. இன்பார்மரின் பெயர் ரகசியமாக இருப்பதற்கு இதுவே அடிப்படை. அப்ரூவரைப் பொருத்தவரை, அவரது சாட்சியம் பிற ஆதாரங்களால் உறுதிப்படுத்தப்பட வேண்டும் என்பதே சட்டத்தின் எதிர்பார்ப்பு. ஓர் ஒற்றர் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றரைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்று திருக்குறளின் 'ஒற்றாடல்' அதிகாரம் கூறுவதும் இதை ஒத்ததே.

சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. பாதுகாப்பு கோருபவர் விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறை அச்சுறுத்தல் அறிக்கை அளித்த பின்னர், மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு முடிவெடுக்கும். வழக்கு நீதிமன்றத்தை எட்டும் முன்னரே, காட்டோரக் கிராமத்தில் ரகசியமாகத் தகவல் தந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு இந்த வழி எளிதில் எட்டக்கூடியது அல்ல.

இதன் விளைவைச் சத்தீஸ்கரின் பஸ்தர் போன்ற பகுதிகள் நீண்டகாலமாக அனுபவித்து வருகின்றன. 'போலீஸ் இன்பார்மர்' என்று குற்றம்சாட்டி மாவோயிஸ்டுகள் கிராமவாசிகளைக் கொன்ற செய்திகள் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வந்துள்ளன. அவர்களில் உண்மையிலேயே தகவல் அளித்தவர் யார், வெறும் சந்தேகத்துக்குப் பலியானவர் யார் என்பது பல நேரங்களில் ஊராருக்கே தெரிவதில்லை. திரையில் உளவாளி யார் என்பதைப் பார்வையாளர் முதலிலேயே அறிந்துவிடுகிறார். கிராமத்தில் அந்த உறுதி யாருக்கும் இல்லை. சந்தேகம் ஒன்றே ஓர் உயிரைப் பறிக்கப் போதுமானதாக இருக்கிறது.