ஹேண்டில் எண்ணும் காலாவதியான சுட்டியும்

திரைக்குரிய படங்களைத் தாங்கும் நினைவகப் பகுதிகளை நிர்வகிப்பதற்காக, 2008 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6.28 பதிப்பில் 'ஜெம்' என்னும் அமைப்பு சேர்க்கப்பட்டது. ஒரு செயலி நினைவகம் கேட்கும்போது, இயங்குதளத்தின் கருவாகிய கர்னல் அதற்கென ஒரு ஜெம் பொருளை உருவாக்கி, அது இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, 'ஹேண்டில்' எனப்படும் சிறு எண்ணைச் செயலிக்குக் கொடுக்கிறது. பொருளைப் பிடித்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒன்று கூட்டி, விடுபவருக்கு ஒன்று கழிக்கும் பயன்பாட்டுக் கணக்கும் அந்தப் பொருளோடு சேர்ந்தே இருக்கிறது. கணக்கு பூஜ்யமானதும் நினைவகம் விடுவிக்கப்பட்டு, வேறு தேவைக்குப் போய்விடுகிறது. அதன் பிறகும் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருப்பது காலாவதியான சுட்டி. ஒரே காலத்தில் ஓடும் இரண்டு நிரலோட்டங்களில், அதாவது இழைகளில், எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறிவிடும் நிலை 'ரேஸ் கண்டிஷன்' எனப்படுகிறது.

இவை இரண்டும் எப்படிக் கைகோக்கின்றன என்பதை, கிராபிக்ஸ் சிப் எதுவும் இல்லாமல் முழுக்க மென்பொருளாகவே இயங்கும் 'விஜெம்' டிரைவரில் தெளிவாகக் காணலாம். அதன் பழைய நிரல் முதலில் பொருளை உருவாக்கியது. அப்போது கணக்கு ஒன்று. பிறகு ஹேண்டிலைப் பதிவு செய்தது, கணக்கு இரண்டானது. உடனே தன் பிடியை விட்டுவிட்டு, அதன் பின்னர் பொருளின் அளவைப் படித்துச் செயலிக்குத் தெரிவித்தது. ஹேண்டில்கள் ஒன்றிலிருந்து வரிசையாக வழங்கப்படுவதால், அடுத்த எண் எது என்பதை அதே செயலியின் இன்னொரு இழை எளிதில் ஊகித்து, அந்த ஹேண்டிலை மூடும் கட்டளையை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருக்க முடியும். பிடி விடப்பட்டதற்கும் அளவு படிக்கப்பட்டதற்கும் இடைப்பட்ட நொடித்துணுக்கில் அக்கட்டளை நுழைந்தால், கணக்கு பூஜ்யமாகி, கர்னல் படிப்பது பிறர் கைக்குப் போன நினைவகமாகிவிடும். 2020இல் செய்யப்பட்ட திருத்தம், பிடியை விடும் வரியை அளவைப் படித்து முடித்த பின்னால் நகர்த்தியது. இந்தக் குறைபாடு பின்னர் பாதுகாப்புக் குறைபாடுகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2022-1419 என்று பதியப்பட்டது; இதே வகைப் பிழை விர்ட்டியோ, பான்ஃப்ராஸ்ட் டிரைவர்களிலும் இருந்து திருத்தப்பட்டது.

கூட்டலும் கழித்தலும் இங்கே சரியாகவே நடந்திருப்பதுதான் இப்பிழையின் கொடுமை. கணக்கை மட்டும் சரிபார்ப்பவர் கண்ணில் இது படாது. ஹேண்டில் பதிவான கணத்திலேயே பொருள் செயலியின் கைக்குப் போய்விடுகிறது என்று கொள்வதும், சுட்டியைத் தொடும் நிரல்பகுதி தன் வேலை முடியும்வரை தனக்கென ஒரு பிடியை வைத்திருப்பதும் டிரைவர் எழுதுபவர் ஒருபோதும் தளர்த்தக்கூடாத ஒழுங்கு.

ஹேண்டிலைக் கொண்டு பொருளைத் தேடும் திசையிலும் இதே ஆபத்து உண்டு. அட்டவணையில் சுட்டி கிடைத்ததற்கும் கணக்கு கூட்டப்பட்டதற்கும் நடுவே கடைசிப் பிடி விடப்படலாம் என்பதால், தேடலும் கூட்டலும் ஒரே பூட்டின் காவலில் நடைபெற வேண்டும். அத்தகைய காவல் இல்லாத இடங்களில், பூஜ்யமாக இல்லாவிட்டால் மட்டுமே கூட்டும் பிரிக்கமுடியாத செயல் பயன்படுகிறது. கிராபிக்ஸ் சிப்போ செயலி மூடப்பட்ட பின்னும் நினைவகத்தைப் படித்துக்கொண்டிருக்கக்கூடியது. ஆகவே அதற்கு அனுப்பப்படும் ஒவ்வொரு பணியும், தான் தொடும் பொருள்கள்மீது தனிப் பிடி வைத்திருந்து, பணி முடிந்ததை அறிவிக்கும் 'ஃபென்ஸ்' என்னும் அடையாளம் எழுந்த பின்னரே அதை விடுகிறது.